எம்.பி.எச். படிக்கலாமா? பொது சுகாதாரம், எபிடெமியாலஜி மேற்படிப்பும் வேலையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொரோனாவுக்குப் பிறகு எம்.பி.எச். என்ற பொது சுகாதார முதுநிலைப் படிப்பு, நோய் யாருக்கு, ஏன் பரவுகிறது என்று ஆராயும் எபிடெமியாலஜி ஆகியவற்றைப் பற்றி விசாரிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள். பல் மருத்துவம் முடித்தவர், சித்த மருத்துவர், செவிலியர், மைக்ரோபயாலஜி எம்.எஸ்சி., சமூகப்பணி படித்தவர் என்று எல்லாத் திசையிலிருந்தும் கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். பேச்சு பெரும்பாலும் இந்தியாவை, அதிலும் தமிழ்நாட்டை வைத்துத்தான். கட்டணம், தகுதி, விண்ணப்பத் தேதி எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு மாறும். அவற்றை அந்தந்த நிறுவனத்தின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எபிடெமியாலஜிஸ்ட் என்றால் தினமும் என்னதான் வேலை?

பெரும்பாலும் பட்டியல் பார்ப்பது. யாருக்கு, எங்கே, எப்போது நோய் வந்தது என்று வரிசையாக எழுதி, அதில் ஏதாவது பிடி கிடைக்கிறதா என்று தேடுவது. ஒரு கிராமத்தில் ஒரே வாரத்தில் இருபது பேருக்கு வயிற்றுப்போக்கு என்றால் மருத்துவர் இருபது பேருக்கும் சிகிச்சை தருவார். எபிடெமியாலஜிஸ்ட் அந்த இருபது பேர் எந்தக் குழாயில் தண்ணீர் பிடித்தார்கள் என்று கேட்பார். அத்தோடு விடாமல், நோய் வராத பக்கத்துத் தெருக்காரர்கள் எங்கே பிடித்தார்கள் என்றும் கேட்பார். நோய் வராதவர்களை விசாரிப்பதில்தான் இந்தத் தொழிலின் பாதி இருக்கிறது.

நம் ஊரிலேயே நல்ல உதாரணம் உண்டு. காசநோய்க்கு மருந்து இருந்தும் ஏன் ஆட்கள் சாகிறார்கள், எந்த நோயாளி சிகிச்சையின் ஆரம்பத்திலேயே இறந்துபோகிறார் என்று பார்த்ததில், உடல் மிகவும் மெலிந்துபோனவர்களும் மூச்சு விடச் சிரமப்படுகிறவர்களும்தான் அதிகம் என்று தெரிந்தது. அதை வைத்து 2022-இல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் தொடங்கியது. புதிதாக வரும் நோயாளியின் உயரம், எடை, கால் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்பவற்றை உடனே பார்த்துவிட வேண்டும். மோசமாக இருப்பவரை அப்போதே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். ஆய்வகம் தேவையில்லை, பெரிய கருவி தேவையில்லை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியரே செய்துவிடலாம். இதற்குப் பின்னால் இருந்து உழைத்தது சென்னை அயப்பாக்கத்தில் இருக்கும் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம். 'என்ன வேலை' என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான்: ஒரு எடை மெஷினை எந்த நேரத்தில், யாருக்குப் பயன்படுத்தினால் உயிர் பிழைக்கும் என்று கண்டுபிடிக்கும் வேலை.

இதே நிறுவனம் முன்நின்று நடத்தியதுதான் 2020 மே, ஜூன் மாதங்களில் எடுத்த முதல் தேசிய கொரோனா ரத்த ஆய்வு. 70 மாவட்டங்கள், மாவட்டத்துக்கு 10 இடங்கள், இடத்துக்கு 40 பேர் என்று 28,000 பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். அதில் 0.73 சதவீதத்தினருக்கு ஏற்கெனவே தொற்று வந்துபோயிருந்தது தெரிந்தது. கேட்கச் சின்ன எண். ஆனால் நாட்டின் மக்கள்தொகையோடு பெருக்கிப் பாருங்கள், அப்போது பரிசோதனையில் தெரியவந்த நோயாளிகளைப் போலப் பல மடங்கு பேருக்குத் தொற்று வந்திருந்தது புரியும். அந்த 40 பேரை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதைக் கற்றுக்கொடுக்கத்தான் இரண்டு வருடப் படிப்பு.

பொது சுகாதாரமும் எபிடெமியாலஜியும் ஒன்றா?

எபிடெமியாலஜி பொது சுகாதாரத்தில் ஒரு பகுதி. எம்.பி.எச். படிப்பில் அதோடு உயிரிப் புள்ளியியல் (உடல்நலத் தரவை அலசும் கணக்கு), சுகாதார நிர்வாகம், சுகாதாரப் பொருளாதாரம், சுற்றுச்சூழல், சமூக அறிவியல் எல்லாம் வரும். எம்.எஸ்சி. எபிடெமியாலஜி என்றால் கணக்கும் ஆய்வு முறையும் தூக்கலாக இருக்கும்.

டாக்டராக இல்லாவிட்டால் படிக்க முடியுமா?

படிக்க முடியும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தின் அச்சுத மேனன் மையம் 1997-இல் எம்.பி.எச். தொடங்கிய காலத்திலிருந்தே மருத்துவர் அல்லாதவர்களுக்கும் இந்தத் துறையில் இடம் உண்டு. ஆனால் கல்லூரிகளின் விளம்பரத்தில் வராத ஒரு விஷயம் இருக்கிறது. படிப்பின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கிறது, அரசு வேலையின் கதவு அப்படித் திறந்திருக்கவில்லை.

தமிழ்நாட்டை எடுத்துக்கொள்வோம். இங்கே மருத்துவக் கல்விக்கு ஓர் இயக்குநரகம், மருத்துவமனைகளுக்கு ஓர் இயக்குநரகம், பொது சுகாதாரத்துக்குத் தனி இயக்குநரகம். பொது சுகாதாரத்துக்கென்று தனி அதிகாரி வரிசையே உண்டு. 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மாகாணம் இது. கொசு ஒழிப்பும் குடிநீர்க் குளோரினும் இங்கே யாரோ ஒருவரின் முழுநேரப் பொறுப்பாக இருப்பதற்கு அந்த ஏற்பாடுதான் காரணம், பல மாநிலங்களில் இது கிடையாது. ஆனால் அந்த வரிசையில் மேலே இருக்கும் மாவட்ட சுகாதார அலுவலர், மாநகர நல அலுவலர் போன்ற பதவிகளுக்கு எம்.பி.பி.எஸ்.ஸும் அதன்மேல் பொது சுகாதாரத்தில் மேற்படிப்பும் வேண்டும். மைக்ரோபயாலஜி முடித்து எம்.பி.எச். படித்தவர், எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், அந்த நாற்காலிக்கு விண்ணப்பிக்க முடியாது. மாவட்ட அளவிலான நோய்க் கண்காணிப்புப் பணியிடங்களிலும் பெரும்பாலும் மருத்துவர்களுக்கே முன்னுரிமை.

அப்படியானால் மற்றவர்கள் என்ன செய்வது? புள்ளிவிவரத்தில் பலம் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஆராய்ச்சி நிறுவனங்கள், மருந்து ஆய்வு நிறுவனங்கள், பெரிய தொண்டு நிறுவனங்கள் எல்லாவற்றிலும் தரவைக் கையாளத் தெரிந்தவருக்கு முன்னால் 'எம்.பி.பி.எஸ். இருக்கிறதா' என்ற கேள்வி மெல்லக் காணாமல் போய்விடுகிறது. மருத்துவர் அல்லாதவர் ஒருவர் கணக்கைத் தவிர்த்துவிட்டு, மேலோட்டமான பாடங்களாகப் பார்த்துப் படித்து எம்.பி.எச். வாங்கினால், அவருக்கு இந்தத் துறையில் கஷ்டம்தான்.

எம்.பி.பி.எஸ். முடித்திருக்கிறேன். எம்.டி. சமூக மருத்துவமா, எம்.பி.எச்.சா?

மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராகவோ அரசின் பொது சுகாதார வரிசையிலோ போக நினைத்தால் எம்.டி. சமூக மருத்துவம், அதாவது மருத்துவர்களுக்கான பொது சுகாதார மேற்படிப்பு. அதற்கு நீட் முதுநிலைத் தேர்வு எழுத வேண்டும், மூன்று வருடம், உதவித்தொகையோடு படிக்கலாம். அரசுப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்குத் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. வெறும் எம்.பி.எச்.சை வைத்துக்கொண்டு சமூக மருத்துவத் துறையில் உதவிப் பேராசிரியர் ஆவது நடக்காது.

நீட் தரவரிசையில் கடைசியாக மிஞ்சும் இடம் என்பதால் சமூக மருத்துவத்தை எடுப்பவர்கள் நிறையப் பேர். அவர்களில் பாதிப் பேர் மூன்று வருடமும் வேறு துறைக்கு மறுபடி தேர்வு எழுதிக்கொண்டே இருப்பார்கள். அப்படி வருவதைவிட இரண்டு வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, பிடித்திருந்தால் வருவது நல்லது. வெளிநாட்டு அமைப்புகள், ஆராய்ச்சி, கொள்கை வேலை என்று குறி இருந்தால் எம்.பி.எச். போதும், காலமும் மிச்சம்.

எங்கே படிக்கலாம்?

சென்னையிலிருந்தே தொடங்கலாம். அயப்பாக்கத்து தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் 2001 முதல் களத்தில் வைத்துப் பயிற்றும் இரண்டாண்டு முதுநிலைப் படிப்பை நடத்திவருகிறது. அதில் பெரும்பகுதி காலம் வகுப்பறையில் போகாது. ஒரு மாவட்டத்தின் கண்காணிப்பு முறையை ஆராய்வது, நோய்ப் பரவலை நேரில் போய் விசாரிப்பது என்று வேலையே பாடமாக இருக்கும். ஏற்கெனவே அரசுச் சுகாதாரப் பணியில் இருக்கும் மருத்துவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான படிப்பு இந்தியாவில் குறைவு என்பது என் கருத்து.

வேலூர் சி.எம்.சி.யின் உயிரிப் புள்ளியியல் எம்.எஸ்சி.க்குப் பழைய நல்ல பெயர் உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் எம்.பி.எச். இருக்கிறது. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் எபிடெமியாலஜி, பொது சுகாதாரத் துறை இருக்கிறது. மத்தியப் பல்கலைக்கழகம் என்பதால் தனியாரோடு ஒப்பிட்டால் கட்டணம் குறைவு. தனியாரில் எஸ்.ஆர்.எம். போன்றவை நடத்துகின்றன.

மாநிலத்தைத் தாண்டினால் திருவனந்தபுரம் அச்சுத மேனன் மையம், சண்டிகர் பி.ஜி.ஐ., மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், கொல்கத்தாவில் 1932-இல் தொடங்கிய அகில இந்தியத் தூய்மை மற்றும் பொது சுகாதார நிறுவனம். சுகாதாரத்தை அரசியல், பொருளாதாரக் கண்ணோடு பார்க்க விரும்பினால் டெல்லி ஜே.என்.யு.வின் சமூக மருத்துவ மையம். மும்பையிலேயே ஐ.ஐ.பி.எஸ். என்ற மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் ஒன்று இருக்கிறது, தேசியக் குடும்பநல ஆய்வை நடத்துவது அவர்கள்தான். புள்ளியியலோ பொருளாதாரமோ படித்துவிட்டு இந்தப் பக்கம் வர நினைப்பவர்கள் பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கல்லூரி நல்லதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கட்டடத்தைப் பார்க்காதீர்கள், பழைய மாணவர்களைத் தேடிப்பிடியுங்கள். போன வருடம் முடித்தவர்களில் நாலு பேரிடம் மூன்றே விஷயம் கேட்டால் போதும். இப்போது என்ன வேலையில் இருக்கிறார்கள், அதைக் கல்லூரி காட்டியதா அவர்களே தேடிக்கொண்டார்களா என்பது முதலாவது. ஆய்வறிக்கைக்குத் தரவை அவர்களே களத்தில் சேகரித்தார்களா என்பது இரண்டாவது. அப்புறம், புள்ளியியலை யார் நடத்தினார், கணினியில் செய்ய வைத்தாரா, கரும்பலகையோடு முடித்துவிட்டாரா என்பது. மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலில் பெரும்பாலும் முடிவு தெரிந்துவிடும். முழுநேர ஆசிரியர்கள் எத்தனை பேர் என்பதையும் இணையதளத்தில் எண்ணிப் பாருங்கள். பக்கத்து மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களின் பெயரையே இங்கேயும் போட்டு ஒப்பேற்றும் இடங்கள் இருக்கின்றன.

எனக்குக் கணக்கு வராது. சமாளிக்க முடியுமா?

பத்தாம் வகுப்புக் கணக்கு தெரிந்தால் ஆரம்பிக்கலாம். விகிதம், சதவீதம், நிகழ்தகவு என்று மூன்றும் தெளிவாக இருந்தால் முதல் பருவம் ஓடிவிடும். கஷ்டம் வேறு இடத்தில் வரும். புகைபிடிப்பவர்களுக்குக் காபிப் பழக்கமும் அதிகம் என்றால், நுரையீரல் புற்றுநோய்க்குக் காபிதான் காரணம் என்று தரவு சொல்வது போலத் தோன்றும். அந்தக் குழப்பத்தைப் பிரித்துப் பார்க்க யோசிக்கத் தெரிய வேண்டும், அதற்குச் சூத்திரம் உதவாது.

மென்பொருளில் 'ஆர்' கற்றுக்கொள்ளுங்கள். காசு கிடையாது, உலகம் முழுவதும் ஓடுகிறது. ஸ்டேட்டா, எஸ்.ஏ.எஸ். இரண்டும் கட்டணம் கட்ட வேண்டியவை. மருந்து நிறுவனப் பக்கம் போகிறவர்களுக்கு மட்டும் எஸ்.ஏ.எஸ். அவசியம். களத்தில் சட்டென்று படிவம் தயாரிக்க, அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இலவசமாக வெளியிட்ட எபி இன்ஃபோ பயன்பட்டுவந்தது.

வெளிநாடு போனால்தான் மதிப்பா?

மதிப்பு என்று பார்த்தால், சென்னை ஒருகாலத்தில் உலகத்துக்கே பாடம் நடத்தியிருக்கிறது. 1956-இல் இங்கே தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம், நோயாளிகளைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதையும் வீட்டிலேயே மருந்து கொடுப்பதையும் ஒப்பிட்டது. வீட்டில் சிகிச்சை பெற்றவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், கூட இருந்த குடும்பத்தாருக்கும் அதனால் ஆபத்து கூடவில்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதில் 1959-இல் வெளிவந்த அந்த முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே நல்ல ஆய்வுக்கு லண்டன் போயாக வேண்டும் என்பதில்லை.

சர்வதேச அமைப்புகளில் வேலை வேண்டும், நல்ல ஆய்வுக் குழுவோடு பழக வேண்டும் என்றால் போவதில் லாபம் இருக்கிறது. இங்கிலாந்தில் முதுநிலைப் படிப்பு ஒரு வருடம், அமெரிக்காவில் எம்.பி.எச். பெரும்பாலும் இரண்டு வருடம். இங்கிலாந்து அரசின் சீவனிங் உதவித்தொகைக்கு இரண்டு வருட வேலை அனுபவம் கேட்பார்கள், படித்து முடித்ததும் நாடு திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். அமெரிக்காவுக்கான ஃபுல்பிரைட்-நேரு முதுநிலை உதவித்தொகைக்கு மூன்று வருட அனுபவம். காமன்வெல்த் உதவித்தொகையும் உண்டு. எதையும் கல்லூரி முடித்த கையோடு வாங்குவது கடினம், வேலை பார்த்துவிட்டுப் போங்கள் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வங்கிக் கடனில் அமெரிக்கா போகிறவர்கள் ஒன்றைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். அங்கே படிப்பு முடிந்ததும் வேலை பார்க்க ஒரு வருடம் அனுமதி. படிப்பு அறிவியல், தொழில்நுட்பப் பட்டியலில் இருந்தால் மேலும் 24 மாதம் நீட்டிக்கலாம். எபிடெமியாலஜி, உயிரிப் புள்ளியியல் என்று பதிவான படிப்புகள் அந்தப் பட்டியலில் வரும், பொதுவான எம்.பி.எச். என்று பதிவானது வராது. ஒரே பல்கலைக்கழகத்தில், ஒரே கட்டணத்தில், பக்கத்துப் பக்கத்து வகுப்பில் படித்தவர்களில் ஒருவர் மூன்று வருடம் இருக்கிறார், மற்றவர் ஒரே வருடத்தில் பெட்டி கட்டுகிறார். சேரும் முன், படிப்பு எந்தப் பிரிவில் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் சி.ஐ.பி. எண்ணைக் கேட்டு வாங்கிவிடுங்கள்.

அப்புறம், காலமும் மாறிவிட்டது. 2025-இல் அமெரிக்காவின் வெளிநாட்டு உதவி அமைப்பான யு.எஸ்.எய்ட் மூடப்பட்டது, உலக சுகாதார நிறுவனத்திலிருந்து விலகுவதாக அமெரிக்கா அறிவித்தது, புதிய எச்-1பி வேலை விசா விண்ணப்பத்துக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்றார்கள். யு.எஸ்.எய்ட் பணத்தை நம்பி ஆப்பிரிக்காவிலும் ஆசியாவிலும் ஓடிய திட்டங்களில் பலருக்கு வேலை போனது. இங்கிலாந்திலும் படித்தபின் தங்கி வேலை தேடும் காலம் 2027 முதல் 18 மாதமாகக் குறைகிறது. சொத்தை அடமானம் வைத்துப் போகும் அளவுக்கு இப்போது நிலைமை இல்லை. முழு உதவித்தொகை கிடைத்தால் யோசிக்காமல் போங்கள்.

தபால் வழி, ஆன்லைன் எம்.பி.எச். செல்லுமா?

ஏற்கெனவே வேலையில் இருந்து பதவி உயர்வுக்குப் படிக்கிறவருக்குப் பயன்படலாம், அந்த உயர்வுக்கு அது ஏற்கப்படுமா என்று அலுவலகத்தில் எழுத்தில் கேட்டுக்கொண்டு சேருங்கள். புதிதாகத் துறைக்குள் வருபவருக்கு வேண்டாம்.

பணம் கட்டும் முன் பிடிக்கிறதா என்று பார்க்க வழி இருக்கிறதா?

இருக்கிறது. தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமே மருத்துவ ஆராய்ச்சியின் அடிப்படைகளைப் பற்றி இணைய வழியில் இலவசப் பாடம் நடத்துகிறது. மத்திய அரசின் ஸ்வயம் இணையப் பாடத் தளத்தில் கிடைக்கும், சான்றிதழ் வேண்டுமானால் தேர்வுக்கு மட்டும் கட்டணம். அதைப் பார்த்துத் தூக்கம் வந்தால் இரண்டு வருடமும் தூக்கம்தான் வரும்.

வேலை எங்கெல்லாம் கிடைக்கும்?

இந்தியாவில் புதிதாக முடித்தவர்களுக்கு முதல் வேலை பெரும்பாலும் ஒப்பந்த வேலையாகத்தான் இருக்கும். தேசிய சுகாதார இயக்கத்தின் பணியிடங்கள், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டப் பணியிடங்கள் எல்லாமே ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நீட்டிப்பில் ஓடுபவை. திட்டம் முடிந்தால் வேலையும் முடிந்தது. மார்ச் மாதம் வந்தால் நீட்டிப்பு வருமா என்று ஆணைக்காகக் காத்திருக்கும் பதற்றத்துக்குப் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். ஐந்தாறு வருடம் இப்படி ஓட்டித்தான் பலர் நிலையான இடத்துக்கு வருகிறார்கள்.

மருத்துவர்களுக்கு, போலியோ கண்காணிப்புக்காக 1997-இல் உருவான உலக சுகாதார நிறுவனத்தின் வலையமைப்பில் கண்காணிப்பு மருத்துவ அலுவலர் வேலை ஒரு நல்ல தொடக்கம், வண்டியிலேயே வாழ்க்கை போகும் என்பது வேறு விஷயம். டெல்லி தேசிய நோய்க் கட்டுப்பாட்டு மையத்தில் 2012 முதல் நடக்கும் நோய்ப்புலனாய்வுப் பயிற்சியும் உண்டு.

சென்னையிலும் பெங்களூரிலும் சத்தமில்லாமல் வளர்ந்துவரும் வேலை மருந்து நிறுவனங்களுக்காக நோயாளித் தரவை அலசுவது. ஒரு மருந்து சந்தைக்கு வந்தபின் உண்மையில் எப்படி வேலை செய்கிறது, அதன் செலவுக்கு ஏற்ற பலன் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எபிடெமியாலஜியும் நிரலாக்கமும் தெரிந்தவர்களுக்கு இதில் கிராக்கி. பொது சேவைக்கு வந்துவிட்டு மருந்து கம்பெனிக்குப் போவதா என்று சிலர் சங்கடப்படுவார்கள். வீட்டுக் கடன் இருப்பவர்களை அப்படிக் கேட்க எனக்கு மனம் வருவதில்லை.

சம்பளம்?

நிலையான அரசு வேலைகளில் கணக்குத் தெளிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தில் விஞ்ஞானி-பி என்ற தொடக்கநிலை விஞ்ஞானி பதவியின் அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாயில் தொடங்குகிறது, படிகள் தனி. ஒப்பந்த வேலைகளில் மொத்தத் தொகை என்று ஒன்றைச் சொல்வார்கள், அதற்குமேல் படி எதுவும் கிடையாது. மருத்துவருக்கும் மற்றவருக்கும் ஒரே வேலைக்கு வேறு வேறு தொகை என்பதும் சகஜம். தனியார் தரவு வேலைகளில் ஐந்து வருட அனுபவத்துக்குப் பிறகு அரசு ஒப்பந்த வேலையைவிட நன்றாகவே வரும்.

பி.எச்டி. அவசியமா?

ஆராய்ச்சி நிறுவனத்தில் மேலே போக வேண்டுமானால் அவசியம். திட்ட மேலாண்மைக்கு வேண்டாம். தேசியத் தகுதித் தேர்விலோ (நெட்) இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேர்விலோ ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கிவிட்டால் மாதம் 37,000 ரூபாயோடு தொடங்கலாம். உதவித்தொகை இல்லாமல் சேராதீர்கள், நடுவில் நின்றுபோகிறவர்கள் பெரும்பாலும் அப்படிச் சேர்ந்தவர்கள்தான்.

எனக்கு 35 வயது, சுகாதார ஆய்வாளராக இருக்கிறேன். இனிமேல் படித்துப் பயன் உண்டா?

உங்களுக்கு நான் மற்றவர்களைவிடத் தைரியமாகச் சொல்வேன். வீடு வீடாகப் போய்ப் பழகியவருக்கு, கேள்வித்தாளில் எந்தக் கேள்விக்கு ஆட்கள் பொய் சொல்வார்கள் என்று தெரியும். எம்.பி.எச். வகுப்பில் அதை யாரும் சொல்லித்தர முடியாது. கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் இது பொருந்தும். உங்களுக்குக் குறையாக இருப்பது இரண்டு: ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவது, கணினியில் தரவைக் கையாள்வது. இரண்டையும் படிப்பில் சேரும் முன்பே தொடங்கிவிடுங்கள். சம்பளமில்லா விடுப்பில் போய்ப் படிக்க வேண்டியிருந்தால், திரும்பி வந்ததும் பதவி உயர்வில் மூப்பு போகுமா என்பதை முதலில் விசாரியுங்கள்.

நேர்காணலுக்குப் போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும்?

நீங்களே செய்த ஒரு சின்ன வேலை. தேசியக் குடும்பநல ஆய்வின் மாவட்ட அறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2015-16 ஆய்வையும் 2019-21 ஆய்வையும் எடுத்து, உங்கள் மாவட்டத்தில் ரத்தசோகையோ சிசேரியன் பிரசவமோ எப்படி மாறியிருக்கிறது என்று இரண்டு பக்கம் எழுதுங்கள். சிசேரியன் என்றால், தனியார் மருத்துவமனையில் எவ்வளவு, அரசு மருத்துவமனையில் எவ்வளவு என்று பிரித்துக் காட்டுங்கள். மாற்றம் உண்மையானதா, ஆய்வில் கேட்ட ஆட்கள் மாறியதால் வந்ததா என்று ஒரு பத்தி சேருங்கள். சான்றிதழ் அடுக்கோடு வரும் பத்துப் பேருக்கு நடுவில் இந்த இரண்டு பக்கத்தைப் பற்றித்தான் தேர்வுக் குழு கேள்வி கேட்கும், பதிலும் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.